உன் கவிதையில் பெய்த மழை

பிரபு,

இரண்டு வாரமாக நீ போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாய், "படிச்சியாம்மா?" என்று. நானும் "கண்ணு இன்னும் தெளியலப்பா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அது பொய். தில்லை நகர் கண் டாக்டர், ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாளே, "இனிமே தாராளமா படிக்கலாம்மா" என்று சொல்லிவிட்டார். உன் அப்பா தொழிற்சாலையில் முப்பது வருடம் ஷிஃப்ட் பார்த்தவர் இல்லையா, சொட்டு மருந்தையும் ஷிஃப்ட் மாதிரியே நேரம் தவறாமல் விட்டார். புரை எடுத்த பிறகு வெள்ளை இவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஸ்ரீரங்கத்துக் கோபுரம் கூட யாரோ நேற்றுதான் பெயின்ட் அடித்தது போலத் தெரிந்தது. அந்தப் புதுக் கண்ணால் நான் முதலில் படித்தது உன் புத்தகத்தைத்தான். ஒரே மூச்சில் படித்துக்கொண்டே போனேன். 'எட்டாம் வகுப்பு, ஆ பிரிவு' என்ற கவிதைக்கு வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். போனில் சொல்ல முடியாததால் இந்தக் கடிதம்.

நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. முப்பத்திரண்டு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்குத் தன் பிள்ளை பெயர் அட்டையில் அச்சாகி வருவது என்ன என்று உனக்குத் தெரியாது. மாடி வீட்டு அம்மாவிடம் இரண்டு தடவை காட்டிவிட்டேன். ஆனாலும் அந்தக் கவிதையில் வரும் டீச்சர் நான்தான் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அதை இங்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

டீச்சரின் சிவப்பு மை
அந்தச் சிறுமியின் அத்தா மேல் கோடு போட்டது.
வகுப்பு சிரித்தது.
ஜன்னலோரம் இருந்த நான்
மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மாலையில் காலி வகுப்பறையில்
டீச்சர் தனியாக அழுதாள்.
அந்தச் சிறுமி அதன்பின்
எழுதவேயில்லை.

உன் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, "நல்லாத்தானே எழுதியிருக்கான். கடைசில உன்ன அழ வெச்சுக் காப்பாத்திட்டான் பாரு" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது முள்ளாகக் குத்தியது. ஏனென்றால் பிரபு, நான் அன்று அழவில்லை.

நடந்ததை நான் மறக்கவில்லை. பள்ளி ஆண்டு மலருக்கு வகுப்புக்கு ஒரு கவிதை கேட்டிருந்தார்கள். பர்வீன் ஒரு தாளை நீட்டினாள். மெலிந்த பெண், தலையில் எப்போதும் நழுவிக்கொண்டிருக்கும் வெள்ளைத் துப்பட்டா. அவள் அப்பா சவுதியில் இருந்தார். தமிழில் முப்பத்தைந்து மார்க்கைத் தாண்டாதவள். பத்து வரி எழுதினால் பன்னிரண்டு பிழை இருக்கும். அவள் கொடுத்த தாளில் நான்கே வரிகள். ஒரு பிழைகூட இல்லை.

அத்தா கொண்டுவந்த பெட்டியில்
சோப்பு இருக்கிறது, சென்ட் இருக்கிறது.
அவர் இல்லாத இரண்டு வருஷம்
எந்த மூலையிலும் இல்லை.

இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் எனக்கு மனப்பாடம். அன்று அதைப் படித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம் தோன்றவில்லை. 'இவளா இதை எழுதினாள்?' என்றுதான் தோன்றியது. ஏதோ வாரப் பத்திரிகையில் பார்த்து எழுதியிருக்கிறாள் என்று முடிவே செய்துவிட்டேன். அவளை எழுப்பி நிறுத்தி, 'அத்தா' என்ற சொல்லின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டு, "அப்பாங்கறத அத்தான்னு மாத்திட்டா உன்னோடதா ஆயிடுமா?" என்று கேட்டேன். நன்றாக யோசித்துக் கேட்ட கேள்வி அது. வகுப்பு சிரிக்கும் என்று தெரிந்தே கேட்டேன். சிரித்தது. அவள் தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மாலையில் நான் எந்தக் காலி வகுப்பறையிலும் நிற்கவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. வீட்டுக்கு வந்து அடை வார்த்தேன். நீ நான்கு சாப்பிட்டாய்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அது உனக்குத் தெரியாது, அதனால்தான் உன் கவிதையிலும் இல்லை. அந்த வருடம் முழுப் பரீட்சையில் 'நான் சென்ற ஒரு பயணம்' என்று கட்டுரை கேட்டிருந்தேன். பர்வீன் தன் அத்தாவை ஏர்போர்ட்டில் விட்டு வந்ததை எழுதியிருந்தாள். வரிக்கு வரி பிழை. ஆனால் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போன அத்தா திரும்பிப் பார்த்துக் கையசைத்தபோது, தன் பின்னால் நின்ற வேறு யாருக்கோ அசைக்கிறார் என்று நினைத்துத் தான் ஒதுங்கி வழிவிட்டதாக எழுதியிருந்தாள். பரீட்சை ஹாலில் எந்தப் பத்திரிகையைப் பார்த்து எழுத முடியும்? அந்த நான்கு வரியும் அவளுடையதுதான் என்று அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. இருபதுக்குப் பதினான்கு போட்டுவிட்டு அடுத்த பேப்பரை எடுத்தேன். மறுநாள் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். டீச்சர் மன்னிப்புக் கேட்டால் வகுப்பு கையை விட்டுப் போய்விடும் என்று ஸ்டாஃப் ரூமில் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவள் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். நானும் அதோடு அதை விட்டுவிட்டேன்.

நீ சென்னைக்குப் போகும்போது விட்டுப்போன புத்தகங்கள் இங்கே அலமாரி நிறைய இருக்கின்றன. உன் கவிதையைப் படித்த பிறகு, மற்றவர்கள் பள்ளிக்கூடத்தை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை வந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். புதுக்கவிதை எனக்குப் பிடிக்காது என்று நீ காலேஜில் படிக்கும்போது உன்னோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். சீரும் தளையும் இல்லாமல் உரைநடையை உடைத்துப் போட்டால் கவிதையா என்று கேட்பேன். அது என் அறியாமை, ஒப்புக்கொள்கிறேன். சில கவிதைகளைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நான் பாடப் புத்தகத்தில் நடத்திய பழைய பாட்டுகளில் பிள்ளைகளுக்குப் புத்திமதி இருக்கும். இந்தப் புதிய கவிதைகளில் பிள்ளையே நமக்குப் புத்திமதியாக இருக்கிறது. மூட்டை தூக்குவது போலப் பையைத் தூக்குகிறது, பூட்டிய கதவைப் பார்க்கிறது, மணி அடித்தால் பறவையாகிவிடுகிறது. இத்தனை வருடம் எதிரில் நின்றும் நான் பார்க்காததை யாரோ ஒரு கடைசி பெஞ்ச் பிள்ளை பார்த்து வைத்திருக்கிறது. டீச்சர்கள் இதையெல்லாம் படிக்க வேண்டும்.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. எந்தக் கவிதையிலும் டீச்சருக்குப் பெயர் இல்லை, வீடு இல்லை, மதியம் சாப்பிட்டாளா என்று இல்லை. பிரம்பும் கண்ணாடியும் சிவப்புப் பேனாவும்தான் இருக்கின்றன. சரி, அது போகட்டும், எங்களுக்கு அது தகும். குழந்தைதான் எனக்குப் புரியவில்லை. எந்தக் கவிதையிலும் குழந்தை பொய் சொல்வதில்லை. அடுத்த பிள்ளையின் டிபன் பாக்ஸை ஒளித்து வைப்பதில்லை. நொண்டி நடக்கிறவனைப் போல நடந்து காட்டுவதில்லை. எப்போதும் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நம் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்தது பெண்கள், பிரபு. நீ நடு வரிசையில் இருந்தாய். அன்று மழையும் பெய்யவில்லை. மாசி மாத வெயில் தகரக் கூரையில் காய்ந்துகொண்டிருந்தது.

மழைக்காக உன்னோடு சண்டைக்கு வரவில்லை. கவிதைக்கு மழை வேண்டுமானால் பெய்துவிட்டுப் போகட்டும். 'அதன்பின் எழுதவேயில்லை' என்ற கடைசி வரிதான் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. அது நிஜமென்றால், ஒரு பிள்ளையின் கையை நான் முறித்திருக்கிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் எப்படி இருப்பது? என்னோடு வேலை பார்த்த மேரி டீச்சருக்குப் போன் செய்தேன். அவளுக்குத் தெரியாத பழைய மாணவர்களே கிடையாது. "பர்வீனா? பாலக்கரைல டி.டி.பி. சென்டர் வெச்சிருக்காளே. என் பொண்ணு கல்யாணப் பத்திரிகையே அங்கதான் அடிச்சோம்" என்றாள். மறுநாள் காலை கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். உன் அப்பா கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

சின்னக் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், சுவர் முழுக்க மாதிரிப் பத்திரிகைகள். நான் படியேறுவதற்குள் உள்ளிருந்து குரல் வந்தது. "டீச்சர்! பிரபு அம்மாதானே? வாங்க டீச்சர், பாத்து ஏறுங்க." நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சதை போட்டிருக்கிறாள், மூக்குக் கண்ணாடி வந்திருக்கிறது, மற்றபடி அதே முகம். "ஒரு அஞ்சு நிமிஷம் டீச்சர், இவரை அனுப்பிட்டு வந்துடறேன்" என்றாள். அவள் எதிரில் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், மொட்டைத் தலையோடு, கையில் ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மாவின் காரியத்துக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

"அம்மா என்ன பண்ணிட்டிருந்தாங்கண்ணே?" என்று கேட்டாள் பர்வீன்.

"என்ன பண்ணாங்க, ஒண்ணும் பண்ணல. மாடு வெச்சிருந்தாங்க. பால் ஊத்துவாங்க."

"காலைல எத்தன மணிக்கு எந்திரிப்பாங்க?"

"மூணு மணிக்கே எந்திரிச்சுரும். நாங்க யாரும் அது தூங்கிப் பாத்ததில்ல."

பர்வீன் தட்டெழுதி, திரையை அவர் பக்கம் திருப்பினாள். எனக்கும் தெரிந்தது.

விடியும் முன் எழுந்து
ஊருக்கெல்லாம் பால் கொடுத்தாய்.
இன்று ஊரே எழுந்து நிற்கிறது,
நீ எழவில்லை.

அந்த மனிதர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பர்வீன் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள். எத்தனை வருடமாக இதைச் செய்கிறாய் என்று பிறகு கேட்டேன். "கல்யாணம் ஆன மறுவருஷத்துலேர்ந்து டீச்சர். ஜனங்க செத்தவங்க பேரையும் தேதியையும் மட்டும்தான் கொண்டுவருவாங்க. நாலு வரி நீயே போட்டுக் குடும்மான்னுவாங்க. கல்யாணம், காதுகுத்து, எல்லாத்துக்கும்தான். இந்து, முஸ்லிம், கிறிஸ்டியன் எல்லாரும் வர்றாங்க" என்றாள். சத்திரத்துக்கும் பாலக்கரைக்கும் நடுவில் எத்தனை சுவரில் அவள் எழுதியதைப் படித்துக்கொண்டே நான் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேனோ தெரியாது. போஸ்டரில் எழுதியவர் பெயர் போடுவதில்லை.

அந்த மனிதர் போனதும் உன் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். படித்தாள். முதலில் சிரித்தாள். "மழையா? அன்னிக்கு என்னா வெயிலு டீச்சர்!" என்றாள். கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. "நான் எழுதவே இல்லையாமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் சொல்ல வந்ததை அப்போதே சொல்லிவிட்டேன். அது அவளுடையதுதான் என்று பரீட்சைப் பேப்பரிலேயே தெரிந்துகொண்டதையும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டதையும் சொன்னேன். "தப்பு என்னுதும்மா. பெரிய தப்பு. என்ன மன்னிச்சிரு" என்றேன்.

அவள் உடனே 'பரவாயில்லை டீச்சர்' என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் சொல்லவில்லை. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "மலர் வந்ததும் அனுப்பறேன்னு அத்தாவுக்கு லெட்டர்ல எழுதியிருந்தேன் டீச்சர். அவரு லெட்டருக்கு லெட்டர் கேட்டாரு. என் புள்ள கவித எங்கன்னு. ஸ்கூல்ல இந்த வருஷம் மலர் போடலன்னு பொய் சொல்லிட்டேன். அத்தா மவுத்தாகி ரெண்டு வருஷம் ஆச்சு. அவரு இருக்கும்போது வந்திருக்கலாம் நீங்க." இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். எதிர்க் கடையில் டீ சொன்னாள். டீ வந்த பிறகுதான் உன்னைப் பற்றிப் பேசினாள்.

"நீங்க திட்டினதுகூட எனக்குப் பெருசா இல்ல டீச்சர். டீச்சர்னா திட்டத்தான் செய்வாங்கன்னு இருந்துட்டேன். பிரபு சிரிச்சதத்தான் தாங்க முடியல. நான் மொதல்ல அவன்கிட்டதான் காமிச்சேன். தமிழ் டீச்சர் பையனாச்சே. சூப்பரா இருக்கு, எங்கம்மா கண்டிப்பாப் போடுவாங்கன்னான். வருஷத்துக்குப் பெரிய 'ற' போட்டிருந்தேன். சின்ன 'ர' போடுன்னு அவன்தான் திருத்திக் குடுத்தான்."

அந்தத் தாளில் ஒரு பிழைகூட இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன், என் சந்தேகத்துக்கு அதுதான் காரணம். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

பிரபு, இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன்னைக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. உனக்கு அப்போது பதின்மூன்று வயது. வகுப்பில் நீ என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டவள் நான். மற்றவர்கள் குறை சொல்லிவிடக் கூடாதென்று, எல்லோருக்கும் ஒரு அடி என்றால் உனக்கு இரண்டு அடி கொடுத்தவள். ஒருமுறை வீட்டுப்பாட நோட்டை நீ மறந்துவிட்டு வந்தபோது, அது நம் வீட்டு மேஜையில் இருப்பதை என் கண்ணால் பார்த்துவிட்டு வந்தும் உன்னை வெளியே நிற்க வைத்தேன். அப்படிப்பட்ட அம்மாவுக்கு எதிரே எழுந்து, "இல்ல டீச்சர், அவதான் எழுதினா, நான் பாத்தேன்" என்று எந்தப் பிள்ளை சொல்லும்? எல்லோரும் சிரிக்கும்போது நீ மட்டும் சிரிக்காமல் இருந்தால் நான் உன்னைப் பார்த்திருப்பேன். அந்தப் பயத்தில் சிரித்திருக்கிறாய். பிறகு இத்தனை வருடம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு மழையைப் பெய்யவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதிவிட்டாய். எனக்கு அது புரிகிறது. எனக்கும் ஒரு காலி வகுப்பறையும் கொஞ்சம் கண்ணீரும் நீ கொடுத்தது பிரியத்தில்தான் என்றும் புரிகிறது.

ஆனாலும் அம்மாவாக ஒன்று சொல்ல வேண்டும். இப்படி ஒரு கவிதையை அந்தப் பெண்ணால் எழுத முடியாது என்று நான் முடிவு செய்தேன். அதன்பின் அவள் எழுதியிருக்க மாட்டாள் என்று நீ முடிவு செய்தாய். இரண்டு பேரும் அவளைக் கேட்கவில்லை. என் முடிவு சிவப்பு மையில் இருந்தது, உன்னுடையது அழகான வரியாக வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒருவரைப் பற்றி எழுதும்போது அவருடைய கதையை நம் வசதிக்கு முடித்துவிடாதே. நம் பரிதாபத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்பதற்காக ஒரு பெண்ணை ஊமையாக்கிவிடாதே. குழந்தைகளை நல்லவர்களாக மட்டும் எழுதாதே. அவர்கள் நம்மைப் போலவே கோழைகளாகவும் இருப்பார்கள், பிறகு அதை நினைத்து வருந்தும் பெரியவர்களாகவும் வளர்வார்கள். அப்படி எழுதப்பட்ட ஒரு பள்ளிக்கூடக் கவிதையை நான் இன்னும் பார்க்கவில்லை. நீ எழுதுவாய் என்று தோன்றுகிறது.

அந்தக் கவிதையை எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. சிவப்பு மையும் நானும் அதில் இருக்க வேண்டியவர்கள்தான். அடுத்த பதிப்பு வந்தால் அந்த அழுகையை மட்டும் எடுத்துவிடு. நான் அழாத அழுகைக்கு நீ எனக்கு நல்ல பெயர் வாங்கித் தர வேண்டாம்.

கிளம்பும்போது, அடுத்த மாதம் இங்கே உன் புத்தகத்துக்குக் கூட்டம் வைத்திருக்கிறார்கள் என்று பர்வீனிடம் சொன்னேன். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். "நான் வரலாமா டீச்சர்?" என்று கேட்டாள். வா என்றேன். அன்றைக்கு மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னாள். படி இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வரும்வரை கூடவே நின்றாள். அவள் எழுதியதில் ஏதாவது அங்கே வாசிப்பாளா என்று கேட்டேன்.

"பிரபு கூப்பிட்டா வாசிக்கிறேன் டீச்சர்" என்றாள்.

கூப்பிடு.

அம்மா